பழைய எலும்பில் நோய் தேட: கண்ணா, ஸ்கேனா, டி.என்.ஏ.வா?

பல்லைக் கொடுப்பதா, வேண்டாமா?

பழைய எலும்புக்கூடுகளைப் பாதுகாத்து வைத்திருப்பவர்கள் முன் இன்றைக்கு அடிக்கடி வந்து நிற்கும் கேள்வி இது. ஒரு மரபணு ஆய்வகம் எழுதிக் கேட்கிறது: உங்களிடம் இருக்கும் அந்த மண்டையோட்டில் தொழுநோயின் சாயல் தெரிகிறது, ஒரே ஒரு பல் தாருங்கள், என்ன நோய் என்று பார்த்துச் சொல்கிறோம். நியாயமான கோரிக்கைதான். ஆனால் துளைத்துப் பொடியாக்கிய பல் திரும்பி வராது. இன்னும் பத்து வருஷத்தில் இதைவிடக் கெட்டிக்காரக் கருவி வந்தால் அதற்குக் கொடுக்க எதுவாவது மிச்சம் இருக்க வேண்டும். மறுபக்கம், ஒன்றையும் தொடவிடாமல் பெட்டியிலேயே பூட்டி வைத்தால் அந்த மனிதருக்கு என்ன நேர்ந்தது என்று யாருக்குமே தெரியப்போவதில்லை.

செய்யக்கூடியவை என்று பார்த்தால், கையில் எடுத்துக் கண்ணால் பார்க்கலாம். எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் எடுக்கலாம். எலும்பை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைக்கலாம். டி.என்.ஏ. தேடலாம். புரதத்தையும் கொழுப்பையும் தேடலாம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கண்ணுக்குத்தான் முதல் இடம். பழைய முறை என்ற பாசத்தால் சொல்லவில்லை. எந்த நோய் என்ற சந்தேகம் ஓரளவுக்காவது உருவாகாமல் கருவியைத் தேர்ந்தெடுக்கவே முடியாது என்பதால் சொல்கிறேன்.

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. ராஜஸ்தானில் உதயப்பூருக்குப் பக்கத்தில் பாலாதல் என்று ஒரு செப்புக்காலக் குடியிருப்பு. அங்கே 1997இல் எடுத்த ஓர் எலும்புக்கூட்டுக்கு 1997-3 என்று எண். கல்லால் சுற்றிக் கட்டிய ஓர் இடத்தில், எரிந்த மாட்டுச் சாணச் சாம்பலுக்கு நடுவே புதைக்கப்பட்டிருந்த நடுவயது ஆண். காலம் ஏறக்குறைய கி.மு. 2000. அவருக்குத் தொழுநோய் இருந்தது என்று க்வென் ராபின்ஸ் தலைமையிலான குழு 2009இல் அறிவித்தபோது, எலும்பில் தெரிந்த தொழுநோய்ச் சான்றுகளிலேயே மிகப் பழையது அதுதான். அந்த முடிவு டி.என்.ஏ.வை வைத்துச் சொல்லப்பட்டதல்ல. எலும்பின் மேல் தெரிந்த மாற்றங்களைப் பார்த்து, ஒவ்வொரு நோயாக நிறுத்திக் கேள்வி கேட்டு வந்தடைந்த முடிவு அது.

அப்படி என்னதான் பார்ப்பார்கள்? மண்டையோட்டை முகம் நம்மைப் பார்க்கும்படி திருப்பி, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விட வேண்டும். நேரே விழும் வெளிச்சத்தில் எலும்பின் மேடுபள்ளம் தெரியாது. மூக்குத் துளை எலும்பில் பேரிக்காய் வடிவத்தில் இருக்கும், அதன் விளிம்பு கத்தி முனை மாதிரி மெல்லியதாக இருக்கும். கீழ் விளிம்பின் நடுவில் ஒரு சின்ன முள் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். தொழுநோய் முற்றியவரின் முகத்தில் அந்த முள் கரைந்து காணாமல் போயிருக்கும். கூர்மையாக இருக்க வேண்டிய விளிம்பு கூழாங்கல் மாதிரி மழுங்கியிருக்கும். மேல் முன்பற்களைத் தாங்கும் எலும்பு பின்வாங்கி, பல் வேர்கள் வெளியே தெரியும், அல்லது பல்லே விழுந்திருக்கும். அண்ணத்தைத் திருப்பிப் பார்த்தால் ஊசியால் குத்தியதுபோலப் பொடிப்பொடியாகத் துளைகள். இவை இடம் வலம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பது முக்கியம்.

ஏன் மூக்கு? தொழுநோய்க் கிருமிக்கு உடம்பில் குளிர்ச்சியான இடம்தான் பிடிக்கும். மூச்சுக்காற்று வந்து போகும் மூக்கு, கை கால் விரல் நுனி, காது மடல். அதனால்தான் விரல் எலும்புகளும் தேயும். ஆனால் விரல் தேய்வதற்குக் கிருமி மட்டும் காரணமல்ல. நரம்பு செத்து உணர்ச்சி போனபின் தீக்காயமும் முள் குத்தலும் தெரியாமலே நடந்து, சீழ் வைத்து, எலும்பு நுனி சீவிய பென்சில் மாதிரி ஆகிவிடும். இதையெல்லாம் வரிசையாக எழுதி வைத்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த மருத்துவர் வில்ஹெல்ம் மொல்லர் கிறிஸ்டென்சன். நேஸ்ட்வெட் ஊரில் இடைக்காலத் தொழுநோய் விடுதி ஒன்றின் இடுகாட்டைத் தோண்டி நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகளைப் பார்த்தார். தொழுநோயாளிகள் என்று முன்பே தெரிந்தவர்களின் கல்லறை அது. விடை தெரிந்த கணக்கைப் போட்டுப் பார்த்துப் பழகுவதுபோல. அதன் பிறகுதான் விடை தெரியாத எலும்புகளைப் பார்த்துச் சொல்லும் துணிவு இந்தத் துறைக்கு வந்தது. 1992இல் ஆண்டர்சன், மான்செஸ்டர் இருவரும் மூக்கும் மேல்தாடையும் சேர்ந்து காட்டும் இந்த மாற்றங்களை ஒரே தொகுதியாக வரையறுத்தார்கள்.

பாலாதல் மனிதருக்கு வருவோம். மூக்கு மேல்தாடைப் பகுதியில் அரிப்பு, முழங்காலுக்குக் கீழே உள்ள முன்னெலும்பின் மேல் தொற்றால் வளர்ந்த புது எலும்பு, மூட்டுத் தேய்வு. ராபின்ஸ் குழு மேகநோய் (சிஃபிலிஸ்) வகைகள், மணல் ஈ கடித்துப் பரவும் லீஷ்மேனியா, காசநோய், எலும்புச் சீழ், பெயர் சொல்ல முடியாத பொதுவான தொற்று என்று ஐந்து மாற்றுகளை எதிரில் நிறுத்திப் பார்த்தது. மேகநோய் என்றால் மண்டையின் கூரையில் நட்சத்திரத் தழும்புபோலச் சுருங்கிய பள்ளங்களை எதிர்பார்க்கலாம். காசநோய் என்றால் முதலில் முதுகெலும்பைத்தான் பார்க்க வேண்டும். எலும்புச் சீழ் என்றால் பெரும்பாலும் ஓர் இடத்தில் குவியும், சீழ் வடிய வாய்க்கால் போட்டிருக்கும், இருபக்கமும் ஒத்த மாதிரி வராது. இப்படி ஒவ்வொன்றாகக் கழித்த பிறகு மிஞ்சியது தொழுநோய். ஊர்ப் பஞ்சாயத்தில் சாட்சிகளை ஒவ்வொருவராக விசாரிப்பது மாதிரி மெதுவான வேலை. ஆனால் செலவு மிகக் குறைவு, எலும்பில் ஒரு கீறல்கூட விழாது, நாளைக்கு இன்னொருவர் வந்து அதே எலும்பை எடுத்து மறுத்துப் பேசவும் முடியும். இந்தக் கடைசி வசதியை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

சரி, கண்ணின் குறைகள்?

எலும்புக்குத் தெரிந்தது இரண்டே வேலை: கரைவது, வளர்வது. நூறு நோய்கள் வந்தாலும் இந்த இரண்டால்தான் பதில் சொல்லும். அதனால் ஒரே தழும்புக்குப் பல காரணம் இருக்கும். கண்குழியின் மேற்கூரையில் சல்லடைபோலத் துளைகள் இருந்தால் இரும்புச்சத்துக் குறைவால் வந்த சோகை என்று பல காலம் எழுதிக்கொண்டிருந்தார்கள். 2009இல் வாக்கரும் கூட்டாளிகளும் அதை மறுத்தார்கள். இரும்புச்சத்து இல்லாத உடம்பால் அந்தத் துளைகள் விழும் அளவுக்கு எலும்பு மஜ்ஜையைப் பெருக்கவே முடியாது, பி12 குறைவையும் இரத்த அணுக்கள் உடையும் சோகைகளையும் பாருங்கள் என்றார்கள். வாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் அதற்கு முன் எத்தனை அறிக்கைகளில் எத்தனை பழங்குடி ஊர்கள் ‘இரும்புச்சத்து இல்லாத ஊர்’ என்று முத்திரை வாங்கியிருக்கும் என்று நினைத்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

இன்னொன்று, பெரும்பாலான நோய்கள் எலும்பு வரைக்கும் வருவதே இல்லை. காசநோய்க்கு மருந்து இல்லாத காலத்திலும் நோயாளிகளில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேருக்குத்தான் எலும்பில் அடையாளம் விழுந்திருக்கும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அந்தச் சில பேரும் நோயோடு பல காலம் தாக்குப்பிடித்தவர்கள். சீக்கிரம் செத்தவரின் எலும்பு பளிச்சென்று ஆரோக்கியமாகத் தெரியும். ஆக, தழும்பு இருக்கும் எலும்புக்கூடு பக்கத்தில் இருக்கும் சுத்தமான எலும்புக்கூட்டைவிடத் திடகாத்திரமான ஆளாக இருந்திருக்கலாம். 1992இல் ஜேம்ஸ் வுட்டும் மூன்று பேரும் இதை ஒரு கட்டுரையாக எழுதியபோது துறையே ஆடிப்போனது. எலும்பைப் பார்த்து ‘இந்த ஊரில் இத்தனை சதவீதம் நோய்’ என்று சொல்லும் எவரும் இன்றும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

மண்ணும் ஏமாற்றும். வேர் அரித்த கோடு, எலி கடித்த தடம், கறையான் துளை எல்லாமே அவசரக்காரரின் கண்ணுக்கு நோயாகத் தெரியும். உயிரோடிருந்தபோது உண்டான பள்ளத்தின் ஓரம் உருண்டு, வழவழப்பாக, சுற்றியுள்ள எலும்பின் நிறத்திலேயே இருக்கும். செத்தபின் உடைந்ததன் ஓரம் கூர்மை, நிறம் வெளுப்பு. மூக்கு முள் விஷயத்தில் இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் மண்ணில் முதலில் ஒடிவதும் அந்த முள்தான். ஒடிந்த முள்ளைக் கரைந்த முள் என்று படித்துவிட்டால் கதை முடிந்தது.

அடுத்தது ஸ்கேன். தாலுகா ஊரில்கூட இன்றைக்கு ஸ்கேன் சென்டர் இருக்கிறது, எலும்புக்கூட்டுக்குக் கதிர்வீச்சு பயமும் கிடையாது. எலும்பின் உள்ளே நடந்ததைக் காட்டுவதில் இதற்கு ஈடில்லை. புற்றுநோய் பரவிய எலும்பில் மேற்பரப்பு நன்றாகவே இருந்து, உள்ளே மட்டும் குடைந்திருக்கும். தென்னாப்பிரிக்காவின் ஸ்வார்ட்க்ரான்ஸ் குகையில் கிடைத்த ஒரு பாத எலும்பு 16 முதல் 18 லட்சம் ஆண்டுப் பழையது. அதில் இருந்தது எலும்புப் புற்று என்று 2016இல் சொல்ல முடிந்தது நுண் சி.டி. ஸ்கேனால்தான். கட்டி வெளியே தெரிந்தாலும் அதன் உள்ளமைப்புதான் வகையைச் சொன்னது. முதுகெலும்புக் காசநோய்க்கும் ஸ்கேன் உதவும். முள்ளெலும்பின் உடல் உள்ளிருந்து கரைந்து, முன்பக்கம் சரிந்து கூன் விழும் அந்த வரிசையைத் துண்டு துண்டாகப் பார்க்கலாம்.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. நம் மருத்துவமனை ரேடியாலஜிஸ்ட்டுக்கு உயிருள்ள எலும்பைப் பார்த்துத்தான் பழக்கம். இடுகாட்டு எலும்பின் துவாரங்களில் நுண்மண் போய் அடைந்திருந்தால் படத்தில் அது வெள்ளை வெளேரென்று, எலும்பு இறுகிப்போனதுபோலத் தெரியும். படத்தை மட்டும் அனுப்பி, எலும்பைக் காட்டாமல் அறிக்கை வாங்கினால் மண்ணுக்கு நோய்ப் பெயர் வந்து சேரும். தொழுநோயைப் பொறுத்தவரை, முக எலும்பு முழுசாக இருந்தால் கண் சொன்னதற்கு மேல் ஸ்கேன் பெரிதாக ஒன்றும் கூட்டிச் சொல்லாது. இருந்தாலும் எடுத்து வைத்துவிட வேண்டும். பின்னால் பல்லைத் துளைக்க நேர்ந்தால் துளைக்கும் முன் இருந்த நிலைக்கு அந்த முப்பரிமாணப் பதிவுதான் சாட்சி. கீழடிக்கு அடுத்த கொந்தகையின் தாழிகளில் கிடைத்த இரண்டு மண்டையோடுகளுக்கு இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தில் முகம் மீட்டு உருவாக்கினார்கள், 2025இல் படம் வெளியானது. அதற்கு அடிப்படையே ஸ்கேன்கள்தான். ஒரு பதிவு பல வேலைக்கு ஆகும்.

நுண்ணோக்கிச் சீவலைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். அழிக்கும் முறை, கிடைக்கும் பலனோ குறிப்பிட்ட சில நோய்களுக்கு மட்டும். மேகநோயை எலும்பின் நுண்ணமைப்பை வைத்தே அடையாளம் காணலாம் என்று ஒரு காலத்தில் நம்பிக்கையாகச் சொன்னார்கள். பிற்பாடு வேறு நோய்களிலும் அதே அமைப்புகள் தெரிந்ததால் அந்த நம்பிக்கை தளர்ந்துவிட்டது. புற்றுக்கும், எலும்பு மாற்றம் இறப்புக்கு முன்னா பின்னா என்று தீர்ப்பதற்கும் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது டி.என்.ஏ. இதன் பலத்தைக் குறைத்துச் சொன்னால் பொய் சொன்னதாகிவிடும். பிளேக் எலும்பில் ஒரு தடமும் விடாது. சில நாளில் ஆளைக் கொன்றுவிடும், எலும்பு பதில் சொல்ல நேரமே இருக்காது. லண்டனில் 1348 முதல் 1350 வரை பிணங்களைப் புதைத்த ஈஸ்ட் ஸ்மித்ஃபீல்ட் இடுகாட்டில் எத்தனை வருஷம் எலும்புகளை உற்றுப் பார்த்தாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. 2011இல் அந்தப் பற்களிலிருந்து பிளேக் கிருமியின் முழு மரபணுத் தொகுதியை எடுத்துவிட்டார்கள். மெக்ஸிகோவில் 1545இல் தொடங்கிய கொள்ளைநோய் என்னவென்று நானூறு வருஷமாக ஊகம்தான். அந்தக் காலத்து இடுகாட்டுப் பற்களிலிருந்து பாரா டைபாய்டு வகைக் கிருமி 2018இல் வெளிப்பட்டது. இங்கெல்லாம் கண்ணுக்கு வேலையே இல்லை.

தொழுநோயிலும் டி.என்.ஏ. சொல்லக்கூடியது கண்ணால் முடியாதது. இந்தக் கிருமியின் முழு மரபணுத் தொகுதி முதன்முதலாக 2001இல் வெளியானபோது அதற்கு எடுத்துக்கொண்ட வகையின் பெயர் ‘டி.என்.’. தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து வந்த கிருமி என்பதால் அந்தப் பெயர். இன்றைக்கும் டென்மார்க்கில் தோண்டிய எலும்பிலிருந்து வரும் டி.என்.ஏ.த் துணுக்கைப் பொருத்திப் பார்ப்பது நம்மூர்க் கிருமியோடுதான்! 2013இல் ஓடன்ஸே நகரத்துத் தொழுநோய் இடுகாட்டின் ஒரு எலும்புக்கூட்டில் கிருமியின் டி.என்.ஏ. அத்தனை செழிப்பாக இருந்ததால், ஒப்பிட மாதிரி எதுவும் இல்லாமலே முழுத் தொகுதியையும் கோத்துவிட்டார்கள். கிருமியின் தடித்த மெழுகுச் சுவர் அதன் டி.என்.ஏ.வைக் காத்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். இன்னும் சுவையானது, தொழுநோயைத் தருவது ஒரே கிருமி அல்ல. 2008இல்தான் அறியப்பட்ட ஒரு சகோதரக் கிருமியும் உண்டு. எலும்பில் இரண்டும் ஒரே மாதிரிதான் கையெழுத்துப் போடும். சிலியில் கிடைத்த 4,000 ஆண்டுப் பழைய எலும்புகளில் இருந்தது அந்த இரண்டாவது கிருமி என்று 2025இல் தெரியவந்தது. இதைச் சொல்ல டி.என்.ஏ.வை விட்டால் வேறு வழியில்லை.

அப்படியென்றால் பல்லைக் கொடுத்துவிடலாமே? இங்கேதான் வெயில் குறுக்கே வருகிறது.

டி.என்.ஏ.வுக்கு எமன் சூடும் ஈரமும். நியூசிலாந்தில் அழிந்துபோன மோவா பறவையின் எலும்புகளை வைத்து 2012இல் ஒரு கணக்குப் போட்டார்கள். சராசரி 13 டிகிரி வெப்பத்தில், 242 எழுத்து (டி.என்.ஏ.வில் அடுத்தடுத்து வரும் வேதி அலகுகள்) நீளமுள்ள துண்டுகளில் பாதி உடைய 521 வருஷம் ஆகிறது. நம் மண்ணின் சராசரி அதற்கு இரண்டு மடங்கு. ஹரியானாவின் ராகிகடியில் அறுபதுக்கு மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தும், பயன்படும் அளவுக்கு மனித மரபணு கொடுத்தது ஒரே ஒரு ஆள். 2019இல் வெளியான அந்த ஆய்வு பரபரப்பாகப் பேசப்பட்டது. கைவிரித்த மற்ற மாதிரிகளைப் பற்றி யாரும் பேசவில்லை. அது மனித டி.என்.ஏ., உடம்பு முழுக்க இருப்பது. கிருமியின் டி.என்.ஏ.வோ அதில் சிறு துளி.

ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொரு கணக்கு வேறு. மேகநோய் முற்றி எலும்பைச் சிதைக்கும் கட்டத்தில் உடம்பில் கிருமி மிகக் குறைவு. தழும்பு பெரிதாக இருக்கும், டி.என்.ஏ. கிடைக்காது. மெக்ஸிகோ நகரத்தில் 2018இல் வெற்றி கிடைத்தது, பிறவியிலேயே நோய் தாக்கியதுபோலத் தெரிந்த சிசுக்களின் எலும்பில், ஏனென்றால் அங்கே கிருமி பெருகிக் கிடக்கும். அதிலும் ஒரு குழந்தையிடம் இருந்தது மேகநோய்க் கிருமியே அல்ல, அதன் நெருங்கிய உறவான யாஸ் கிருமி. மறுபடியும் கண்ணுக்கு ஒரு குட்டு.

அப்புறம் மண். காசநோய், தொழுநோய்க் கிருமிகளின் தூரத்துச் சொந்தங்கள் சாதாரண மண்ணிலேயே நிறைய வாழ்கின்றன. டி.என்.ஏ.த் துணுக்கைப் பல மடங்கு நகலெடுத்துப் பார்க்கும் பழைய பி.சி.ஆர். முறையில் கிருமியின் ஒரு சின்னத் துண்டைத் தேடி, கிடைத்தால் ‘ஆம்’ என்பார்கள். அந்தத் துண்டை மண்ணின் சொந்தக்காரரும் வைத்திருந்தால்? இஸ்ரேலின் அட்லித் யாம் தளத்தில் 9,000 ஆண்டுப் பழைய தாயும் குழந்தையும் காசநோயோடு இருந்ததாக 2008இல் சொன்னபோது இந்த மாதிரிச் சந்தேகங்கள்தான் எழுந்தன. இப்போதைய முறையில் கிருமியின் தொகுதி முழுவதையும் வலைபோட்டுப் பிடிக்கிறார்கள். துண்டுகளின் நுனியில் காலத்தால் உண்டாகும் சேதம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பழைய டி.என்.ஏ.வின் நுனியில் ஒரு குறிப்பிட்ட எழுத்து மாறியிருக்கும், புதிதாக ஒட்டியதில் இருக்காது. எனவே ஒரு ஆய்வகம் பல் கேட்டால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: பி.சி.ஆர். மட்டுமா, முழுத் தொகுதியா? பி.சி.ஆர். மட்டும் என்றால் பல் கிடையாது.

இதைவிடப் பெரிய சிக்கல், ‘கிடைக்கவில்லை’ என்ற பதில். டி.என்.ஏ. கிடைக்காததற்கு நோய் இல்லை என்று அர்த்தமல்ல. வெயில் தின்றிருக்கலாம், தவறான இடத்தில் துளைத்திருக்கலாம். ஆனால் அறிக்கையில் ‘எதிர்மறை’ என்று வந்துவிட்டால் பெட்டிமேல் ஒட்டும் சீட்டில் அதுவே நிலைத்துவிடுகிறது. கண்ணால் பார்த்தவரின் இருபது பக்கக் குறிப்பு கீழே போய்விடும். எனக்கு இருக்கும் பெரிய மனக்குறை இதுதான்.

புரதமும் கொழுப்பும் இந்த இடத்தில் கைகொடுக்கலாம். இரண்டும் டி.என்.ஏ.வைவிடச் சூட்டைத் தாங்கும். காசநோய், தொழுநோய்க் கிருமிகளின் சுவரில் இருக்கும் நீளமான மெழுகுக் கொழுப்புகளை எலும்பிலிருந்தே பிரித்தெடுக்கிறார்கள். சைபீரியாவின் அர்ஜான் மேட்டில் புதைக்கப்பட்ட 2,700 ஆண்டுப் பழைய சித்திய (புல்வெளி நாடோடி இன) அரசர் ஒருவரின் எலும்பெல்லாம் புற்று பரவியிருந்தது. எக்ஸ்ரேயும் நுண்ணோக்கியும் புரோஸ்டேட் பக்கம் கைகாட்டின. 2007இல் வெளியான ஆய்வில் புரோஸ்டேட் சுரப்பி சுரக்கும் பி.எஸ்.ஏ. புரதத்தை எலும்பிலிருந்தே எடுத்து உறுதிசெய்தார்கள். இன்றைக்கு ஐம்பது வயது தாண்டிய ஆண்களுக்கு எழுதிக்கொடுக்கும் இரத்தப் பரிசோதனையில் தேடுவதும் அதே பி.எஸ்.ஏ.தான். இங்கிலாந்தின் நார்ட்டன் பிரையரி மடத்து எலும்புகளில் வழக்கத்துக்கு மாறாக முற்றிய பேஜெட் நோயை (எலும்பு தாறுமாறாகத் தடித்துப்போகும் நோய்)ப் புரதத்தின் துணையோடு ஆராய்ந்து 2020இல் வெளியிட்டார்கள். இது மரபணு ஆய்வளவுக்குப் பரவலாகவில்லை, செய்யும் இடங்கள் குறைவு. ஆனால் சூடான நாட்டு எலும்புக்கு எதிர்காலம் இந்தப் பக்கம்தான் என்பது என் கணிப்பு.

ஆக, தேர்வு நோயைப் பொறுத்தது. ஸ்கர்வி, ரிக்கெட்ஸ் மாதிரிச் சத்துக்குறைவு நோய்களுக்குக் கிருமியே இல்லை, அவற்றுக்காகப் பல்லைத் துளைப்பது வீண். கண்ணும் எக்ஸ்ரேயும் போதும். கூட்டமாகப் புதைத்த குழி, எலும்பில் எந்தத் தழும்பும் இல்லை, எல்லா வயதினரும் கலந்து கிடக்கிறார்கள் என்றால் நேரே பல்லுக்குப் போகலாம், தாமதிக்க வேண்டாம். கட்டி என்றால் ஸ்கேன். முதுகெலும்புக் காசநோய் என்றால் கண், ஸ்கேன், பிறகு டி.என்.ஏ. அல்லது கொழுப்பு. பெரியவர்களின் மேகநோய் என்றால் கண்ணோடு நிறுத்திக்கொள்வேன்.

தொழுநோய்தான் தர்மசங்கடம். கிருமி அதிகம் தங்கியிருக்கக்கூடிய இடம் மூக்குக்குள் இருக்கும் மெல்லிய எலும்புகளும் அண்ணமும். கண்ணுக்குச் சாட்சியாக இருப்பதும் அதே எலும்புதான். அதைச் சுரண்டினால் சாட்சியைக் கொன்று வாக்குமூலம் வாங்கியதாகிவிடும். மனித மரபணுவுக்குப் பேர்போன உள்காது எலும்பு இந்த வேலைக்கு உதவாது. அங்கே இரத்த ஓட்டம் குறைவு, கிருமியும் குறைவு என்று 2018இல் ஒப்பிட்டுக் காட்டிவிட்டார்கள். அதனால் நடுவழியாகப் பல். உயிரோடிருந்தவரை இரத்தம் ஓடிய பற்கூழின் அறை, சுற்றிலும் எனாமல் கோட்டை.

முதலில் கேட்ட அந்தப் பெட்டிக்கு நான் என்ன செய்வேன் என்று சொல்லிவிடுகிறேன். பழகிய கண்கள் இரண்டு, தனித்தனியாக, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் முகத்தையும் விரல்களையும் எழுதித் தர வேண்டும். விரல் எலும்புகள் பெரும்பாலும் வேறு பையில் கலந்து கிடக்கும், அவற்றைத் தேடி எடுப்பதே ஒரு நாள் வேலை. அப்புறம் முழு ஸ்கேன். இரண்டு கண்களும் தொழுநோய் என்றால் பல் தரலாம், எலும்பு தர மாட்டேன். மேல் முன்பற்களில் கை வைக்கக் கூடாது, அந்தப் பகுதியே நோயின் சாட்சி. சொத்தை இல்லாத, எனாமலில் விரிசல் விழாத கடைவாய்ப் பல் ஒன்று, அதுவும் எதிர்ப்பக்கத்தில் அதன் ஜோடி பத்திரமாக இருந்தால் மட்டும். பல்லில் படிந்த காரையை முதலில் தனியாகச் சுரண்டி ஒரு குப்பியில் வைத்துக்கொள்ள வேண்டும், அதற்குள்ளும் வாய்க் கிருமிகளின் டி.என்.ஏ. இருக்கும். பிறகு மகுடத்தையும் வேரையும் கழுத்தில் அறுத்து, உள்ளறையிலிருந்து 50 மில்லிகிராம் அளவுக்குப் பொடி எடுத்தபின் இரண்டு துண்டையும் திருப்பி அனுப்ப வேண்டும். ஒட்டினால் வெளியே தெரியாது. பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து 2021இல் வெளியிட்ட நெறிமுறைகளிலும் சேதத்தைக் குறைப்பது ஒரு நிபந்தனை.

கடிதத்தில் இன்னொரு வரியும் சேர்ப்பேன்: டி.என்.ஏ. கிடைக்காவிட்டால் அறிக்கையில் ‘நோய் இல்லை’ என்று எழுதக் கூடாது, ‘கிடைக்கவில்லை’ என்றுதான் எழுத வேண்டும். கையெழுத்துப் போட்டுத் தந்த பிறகு பல்லை எடுத்துக்கொள்ளட்டும்.